புதுச்சேரியின் கையால் செய்த காகிதம்: படமும் குறிப்பும் ஒட்டுவேலையும் சேர்ந்த நோட்டுக்கு ஏற்றதா?

ஒரே நோட்டில் படம் வரைந்து, நாட்குறிப்பும் எழுதி, துணித்துண்டோ காய்ந்த இலையோ ஒட்டி வைக்க விரும்புகிறவர்களுக்குக் காகிதம்தான் பெரிய சிக்கல். எழுதுவதற்கென்று செய்த தாளில் நீர்வண்ணம் பட்டால் அது அலையலையாக நெளிந்துவிடுகிறது. நீர்வண்ணத்துக்கென்று வரும், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த தாளிலோ, விலையை எண்ணி, மனம்போல் கிறுக்கக் கை தயங்குகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல தேர்வாகவே, புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பிரிவிலிருந்து வரும் தாள்களையும் நோட்டுகளையும் நான் பரிந்துரைக்கிறேன்.

1959-இல் தொடங்கப்பட்ட அந்தப் பிரிவில் மூலப்பொருள் மரக்கூழ் அல்ல, பருத்தித் துணிக் கழிவு. துணியைத் தரம் பிரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நீரோடு சேர்த்து இழை இழையாக அரைத்துக் கூழாக்கி, வலைச்சட்டத்தில் அள்ளி, அழுத்தி நீரைப் பிழிந்து உலர்த்தினால் கிடைப்பது கையால் செய்த காகிதம். செய்தித்தாளைச் சீக்கிரம் மஞ்சளாக்குவது மரத்திலுள்ள லிக்னின். பருத்தியில் அது அநேகமாக இல்லை என்பதால், பல ஆண்டுகள் காக்க வேண்டிய நாட்குறிப்புக்கு இதைவிடப் பொருத்தமான தாளைத் தேடுவது கடினம். பருத்தி இழை நீளமானது. ஆகவே அழிப்பானால் திரும்பத் திரும்பத் தேய்த்தாலும் தாள் எளிதில் கிழிவதில்லை.

இந்தத் தாளின் உண்மையான அருமை பென்சிலில்தான் தெரியும். மேற்பரப்பின் மெல்லிய சொரசொரப்பு 2பி, 4பி பென்சில்களின் கரியையும், கரிக்கோலின் தூளையும் பிடித்துக்கொள்வதால், அழுத்தாமலேயே ஆழமான நிழல் விழுகிறது. கோயில் தூணையோ, வேப்பமரத்துப் பட்டையையோ வரைகிறவருக்குப் பாதி வேலையைத் தாளே செய்துவிடுகிறது. நீர்வண்ணத்தைப் பொறுத்தவரை, முழுத்தாளையும் நனைத்துத் தீட்டும் முறையைத் தவிர்த்து, தூரிகையில் நீரைக் குறைத்து, ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்ததை இடுவது நல்லது. மைப்பேனா இதற்கு ஏற்றதன்று: கையால் செய்த காகிதத்தில் பசையூட்டம், அதாவது மையை உறிஞ்சாதிருக்கத் தாளில் சேர்க்கும் பசையின் அளவு, தாளுக்குத் தாள் சற்று மாறுவது இயல்பு என்பதால், நீர்த்த மை இழைவழியே பரவக்கூடும். நிறமி மை (நீரில் கரையாத வண்ணத்துகள் கொண்ட மை) நிரப்பிய நுண்முனைப் பேனாவோ, மென்மையான பென்சிலோ போதும்.

ஒட்டுவேலைக்கு அங்கு கிடைக்கும் மார்பிள் தாள்களைத் தனியே குறிப்பிட வேண்டும். கெட்டியான திரவத்தின்மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, சீப்பால் இழுத்து, தாளை ஒருமுறை படியவைத்து எடுப்பதால், ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதே இல்லை. அதில் ஒரு கீற்றைக் கிழித்து ஒட்டினாலே பக்கம் உயிர்பெறுகிறது. வெட்டுவதைவிடக் கையால் கிழிப்பதே அழகு, ஏனெனில் கிழிந்த ஓரத்தில் இழைகள் பிசிறாக நீண்டு அடித்தாளோடு கலந்துவிடுகின்றன. பசைக்கு, புத்தகம் கட்டுகிறவர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்துக் காய்ச்சும் மைதாப் பசையையே விரும்புகிறேன். துத்தம் பூச்சியைத் தடுக்கும். ஆனால் அது நஞ்சு என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கடைப்பசையே சரி. ஒட்டிய பக்கத்தை இரவு முழுவதும் கனமான புத்தகங்களின் கீழ் வைத்தால் நெளியாது.

இப்படிப்பட்ட நோட்டை மேல்நாட்டு வழக்கம் என்று நினைப்பவர்கள், நம் வீடுகளில் பெண்கள் வைத்திருந்த கோல நோட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். புள்ளி வைத்து வரைந்த கோலத்தின் அருகில் புள்ளிக் கணக்கையும், வண்ணப்பொடிக் குறிப்பையும், இன்னாரிடம் கற்றது என்பதையும் எழுதி, வார இதழில் வந்த கோலத்தைக் கத்தரித்து ஒட்டிய அந்த நோட்டுகளை, நான் மிகுந்த மரியாதையோடு, ஓவியக் குறிப்பேடுகள் என்றே கருதுகிறேன்.

வாங்கும்போது, தைத்த நோட்டைவிட உதிரித் தாள்களையே முதலில் தேர்ந்தெடுக்கலாம். ஒட்டுவேலை ஏற ஏற எந்தத் தைத்த நோட்டும் முதுகுப்பக்கத்தில் இறுக்கமாகி விரிந்து நிற்கும். உதிரித் தாள்களில் வேலையை முடித்து, பிறகு நாமே தைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. நோட்டாகவே வேண்டுமென்றால், சில தாள்களுக்கு ஒரு தாள் வீதம், தையலோரம் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். ஒட்டப்போகும் பொருள்களின் கனத்துக்கு அந்த இடைவெளி போதும்.