பள்ளிக்கரணை பக்கம் ஒரு பிக்கிள்பால் கோர்ட்: எட்டு மாதம் ஆடிப் பார்த்த பிறகு

இந்த இடத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, காபி சுமார் என்றெல்லாம். எல்லாம் சரிதான். நான் பார்க்கும் விஷயங்கள் வேறு. எனக்கு 59 வயது. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றேன். வீடு நங்கநல்லூரில். பிக்கிள்பால் என்பது பேடில் என்ற சின்ன மட்டையால் துளை போட்ட பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேலே அடித்து ஆடும் விளையாட்டு. 2024 நவம்பரில் வேறோர் இடத்தில் அதை ஆடும்போது விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றிலிருந்து எந்தக் கோர்ட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்க்கிறேன். அடுத்து, பின்கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை அடி என்று பார்க்கிறேன்.

விழுந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். அது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் போட்டிருந்த கோர்ட். முந்தின நாள் ராத்திரி மழை. காலையில் தண்ணீரைத் தள்ளிவிட்டிருந்தார்கள், பார்வைக்குக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பின்கோட்டுப் பக்கம் தரை லேசான பள்ளம், அங்கே மட்டும் ஈரம் தங்கியிருந்தது. எதிரில் இருந்தவர் பந்தை என் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் கால் வழுக்கியது. விழும்போது கை தானாகப் பின்னால் போய் ஊன்றிவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கட்டைப் பிரித்த பிறகும் பல நாள் குக்கரைத் தூக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை. அந்த மார்கழி முழுக்க வாசலில் மருமகள்தான் கோலம் போட்டாள். கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2010 முதல் 2019 வரை பிக்கிள்பால் காயத்தோடு அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. 60 வயதைத் தொட்டவர்களின் காயங்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் வழுக்கியோ தடுக்கியோ விழுந்ததால் வந்தவை. ஆண்களுக்குத் தசைப்பிடிப்பும் சுளுக்கும் அதிகம், பெண்களுக்கு எலும்பு முறிவு அதிகம். மணிக்கட்டு முறிவுக்கான வாய்ப்பு மட்டும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஒன்பது மடங்கு. அதைப் படித்த அன்றே மருத்துவரிடம் கேட்டு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொண்டேன். மைனஸ் 1.9 வந்தது. மைனஸ் 2.5-ஐத் தொட்டால் எலும்புப்புரை என்பார்கள். நான் அதற்கு முந்தின படியில் இருந்தேன், எனக்கே தெரியாமல். மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆன பெண்கள் பேடில் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இந்தக் கோர்ட்டுக்கு வருகிறேன். வேளச்சேரி–தாம்பரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை, உள்ளே மூன்று கோர்ட். 2025 ஏப்ரலில் முதல் தடவை வந்தபோது கைப்பையில் டேப் கொண்டு வந்து அளந்தேன். முதல் இரண்டு கோர்ட்டுகளில் பின்கோட்டுக்குப் பின்னால் எட்டு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் இருக்கிறது. மூன்றாவதில் ஐந்து அடிதான். அங்கே ஒரு தூணும் இருக்கிறது, பஞ்சு மெத்தை சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த எட்டு அடி ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் நிறைய இடங்களில் பழைய பேட்மின்டன் அரங்குகளைத்தான் பிக்கிள்பாலுக்கு மாற்றுகிறார்கள். இரண்டுக்கும் கோர்ட் அளவு ஒன்றுதான்: 20 அடிக்கு 44 அடி. 1965-இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு பழைய பேட்மின்டன் கோர்ட்டில்தான். ஆனால் பேட்மின்டனில் இறகுப்பந்து தரையைத் தொட்டாலே ஆட்டம் முடிந்தது, அதனால் யாரும் பின்கோட்டைத் தாண்டி நிற்பதில்லை. பிக்கிள்பாலில் சர்வ் ஒரு தடவை தரையில் குத்த வேண்டும், திரும்பி வரும் பந்தும் ஒரு தடவை குத்த வேண்டும். குத்தி எழும்பும் பந்தை அடிக்கக் கோட்டுக்கு வெளியே நின்றாக வேண்டும். ஆழமாக விழுந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். அங்கே சுவர் இருந்தால் முழங்கையோ முதுகோ மோதும். கோர்ட்டையும் சுற்றியுள்ள காலி இடத்தையும் சேர்த்துக் குறைந்தது 30 அடிக்கு 60 அடி வேண்டும் என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் கணக்கு. பின்னால் எட்டு அடி, பக்கத்துக்கு ஐந்து அடி. வாடகை இடத்தில் இன்னொரு கோர்ட்டை நுழைப்பதற்காக இதில்தான் முதலில் கை வைக்கிறார்கள். இந்த இடத்துக்காரர்களும் மூன்றாவது கோர்ட்டில் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

தரை நல்ல தரை. சிமென்ட் மேல் அக்ரிலிக் பூச்சு, காலுக்குப் பிடிமானம் இருக்கிறது. மே மாதம் இந்தத் தகரத்துக்குக் கீழே ஆடியவர்களுக்குத் தெரியும், வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். அதுவே வழுக்கும். இங்கே துடைப்பதற்கென்றே ஒரு தம்பி இருக்கிறார். "அம்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்கு நடுவிலேயே வந்து துடைத்துவிட்டுப் போவார். சிலர் முகம் சுளிக்கிறார்கள். தயவுசெய்து சுளிக்காதீர்கள். அக்டோபர் மழையில் மூன்றாவது கோர்ட்டின் ஓரத்தில் கூரை ஒழுகியது. வாளி வைத்து ஒப்பேற்றாமல் அந்தக் கோர்ட்டையே இரண்டு நாள் மூடி, பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மாலை. பக்கத்து கோர்ட்டில் ஆடியவருக்கு நாற்பத்திரண்டு வயது, அவர் மனைவி எங்கள் காலைக் குழுவில் ஆடுபவர். சோழிங்கநல்லூரில் அலுவலகம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, டிராஃபிக்கில் மாட்டி, 7 மணி பதிவுக்கு 7.10-க்கு வந்து சேர்ந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டியாயிற்று, பத்து நிமிடம் போய்விட்டது, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே உள்ளே ஓடினார். மூன்றாவது பாயின்டில் நெட்டுக்குப் பக்கத்தில் விழுந்த பந்தை எடுக்கக் காலை ஊன்றி முன்னால் பாய்ந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து குதிகாலில் உதைத்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. குதிகாலையும் கெண்டைக்கால் தசையையும் இணைக்கும் நாண் அறுந்துபோயிருந்தது. அப்படி அறுந்தவர்கள் அனேகமாக எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்களாம்: யாரோ உதைத்த மாதிரி இருந்தது என்று.

மருத்துவமனையில் அவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். நாண் சரியாக இருந்தால் பாதம் அசையும். அசையவில்லை. அப்புறம் மருத்துவர் கேட்ட கேள்வி எனக்குப் புதிது: சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா? இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் சாப்பிட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் நாண்களைப் பாதிக்கலாம், 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. வயிறு சரியில்லை என்றால் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் இவை. சாப்பிட்டிருந்தால், எப்போது ஆட வரலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

அந்த வாரமே மேலாளரிடம் போய்ப் பேசினேன். "மேடம், ஒரு மணி நேரம் புக் பண்றவங்க வார்ம்-அப்புக்கு நேரத்தை விட மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் பதிவு நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே உள்ளே விடுங்கள் என்று கேட்டேன். யோசித்தார், செப்டம்பரிலிருந்து விடுகிறார்கள். நுழைவாயில் பக்கம் இருந்த பழைய நாற்காலிகளை எடுத்துவிட்டு ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்கள். வேகமாக நடக்கலாம், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம், பக்கவாட்டில் நாலு ஓட்டம் ஓடலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நான் நாலு நட்சத்திரம் கொடுப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஆனால் இந்த வசதியைப் பயன்படுத்துபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனது கஷ்டமாக இருக்கிறது.

ஐந்தாவது நட்சத்திரத்தை ஏன் கொடுக்கவில்லை என்றால், முதல் காரணம் பந்து. ஒன்றாவது கோர்ட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வலை இருக்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இல்லை. துளை போட்ட அந்தப் பிளாஸ்டிக் பந்து சத்தமில்லாமல் உருண்டு காலடிக்கு வந்துவிடும். பழகியவர்கள் உடனே "பால்! பால்!" என்று கத்துவார்கள், எல்லோரும் நிறுத்துவார்கள், அந்த பாயின்டைத் திரும்ப ஆடுவார்கள். புதிதாக வருபவர்கள் கத்தக் கூச்சப்படுகிறார்கள். அக்டோபரில் ஒரு பெண் அப்படி உருண்டு வந்த பந்தின் மேல் கால் வைத்துக் கணுக்காலைத் திருப்பிக்கொண்டார். வலை போடுவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.

அன்றைக்கு ஐஸ் கேட்டால் இங்கே இல்லை. எதிர்க் கடையில் ஜூஸ் போடுபவரிடம் ஓடி வாங்கி வந்தார்கள். முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டரும் டெட்டாலும் மட்டும்தான். ஒரு சின்ன ஃபிரிட்ஜ், இரண்டு ஐஸ் பை, ஒரு கிரேப் பேண்டேஜ் வாங்க எவ்வளவு ஆகிவிடும்?

ஷூ விஷயத்திலும் இவர்கள் கண்டிப்பாக இல்லை. தடம் விழாத அடிப்பாகம் வேண்டும் என்று மட்டும் பலகை வைத்திருக்கிறார்கள், அது தரையைக் காப்பாற்றுவதற்கு. காலைக் காப்பாற்றுவதற்கு ஒரு வரி இல்லை. பீச்சில் நடக்க வாங்கிய ரன்னிங் ஷூவோடு பாதிப் பேர் வருகிறார்கள். அது நேராக ஓடச் செய்த ஷூ. குதிகால் உயரமாக, மெத்தென்று இருக்கும். பக்கவாட்டில் சட்டென்று நின்றால் கால் அதன் மேலிருந்து மடங்கிவிடும். பேட்மின்டனுக்கோ டென்னிஸுக்கோ செய்த ஷூ வாங்குங்கள். பேடிலில் மிச்சம் பிடித்தாவது இதற்குச் செலவு செய்யுங்கள்.

கண்ணையும் மறக்க வேண்டாம். நெட்டிலிருந்து ஏழு அடி தள்ளி இருக்கும் கோட்டைக் கிச்சன் கோடு என்பார்கள். அதில் இரு பக்கமும் ஆள் நின்றால் நடுவே 14 அடிதான். பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மூக்குக்கண்ணாடி உடைந்தால் அதுவே கண்ணைக் குத்தும்.

இங்கே காலையில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரை மனதாரப் பாராட்ட வேண்டும். நான் திரும்ப ஆட வந்த முதல் வாரம் பேடிலையே கையில் கொடுக்கவில்லை. பந்தை என் தலைக்கு மேலே போட்டுப் போட்டு, தோளைத் திருப்பி ஓடுவதை மட்டும் பழக்கினார். "பின்னாடி நடக்காதீங்க மேடம், திரும்பி ஓடுங்க. எட்டலைன்னா விட்டுடுங்க, ஒரு பாயின்ட்தானே" என்பார். இன்றைக்கும் தலைக்கு மேலே பந்து வந்தால் அவர் குரல்தான் காதில் கேட்கிறது. நான் விட்டுவிடுகிறேன்.

கட்டணம் காலையில் கோர்ட்டுக்கு மணிக்கு 500 ரூபாய், மாலை 6 மணிக்கு மேல் 800. நாலு பேர் பகிர்ந்தால் கட்டுப்படியாகும். ஞாயிறு மூன்று மணி நேர ஓப்பன் பிளேக்கு (வந்தவர்கள் எல்லோரும் மாறி மாறிச் சேர்ந்து ஆடுவது) ஐம்பதைத் தாண்டியவர்கள் போகிறீர்கள் என்றால் இரண்டாவது மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது மணியில் கால் மனசு சொல்வதைக் கேட்பதில்லை. பதிவு செய்யும்போது ஒன்று அல்லது இரண்டாவது கோர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். மூன்றாவதுதான் காலி என்றால், தூண் இருக்கும் பக்கத்தில் உங்களில் இளையவர் நிற்கட்டும்.