காம்பவுண்டு சுவரில் கோடு விழுந்தால்: சேலம் வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சாக்கடை வேலையோ ரோடு வேலையோ வந்தால் முதலில் காம்பவுண்டு சுவரில் பெயிண்டால் ஒரு கோடு விழும். "ஒன்னேகால் அடி தெருவுல வருது சார், நாங்களே இடிச்சுக்கிறோம்னு எழுதிக் குடுத்துடுங்க" என்று பேப்பர் நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். ஆக்கிரமிப்பை நீங்களே ஒப்புக்கொண்டதாக அந்தப் பேப்பர்தான் பிறகு கோர்ட்டில் வந்து நிற்கும்.

கோடு எங்கிருந்து அளந்தது என்று கேளுங்கள். ரோட்டு நடுவில் டேப் பிடித்துப் பாதி அகலம் எடுத்திருந்தால் அது அளவே இல்லை. இன்றைய தார் ரோட்டின் நடுவும் வரைபடத்தில் உள்ள தெருவின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரர் படிக்கட்டை வெளியே இழுத்திருந்தால் தார் உங்கள் பக்கம் ஒதுங்கியிருக்கும். அவர் பிடித்த இடத்துக்கு நீங்கள் சுவரை இடிப்பீர்கள். குகை, செவ்வாய்ப்பேட்டை மாதிரி பழைய தெருக்களில் இதை மறக்கவே கூடாது.

அடுத்து, உங்கள் மனையின் பரப்பைச் சொல்லும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். அரசின் இ-சேவைத் தளத்தில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் கொடுத்தால் கிடைக்கும். உங்கள் பத்திரம் சதுர அடியில் பேசும், பதிவேடு சதுர மீட்டரில் பேசும். 30க்கு 40 மனை 1200 சதுர அடி, அதாவது 111.48 சதுர மீட்டர். பதிவேட்டில் 108 என்று இருந்தால் சுமார் 37 சதுர அடி குறைகிறது. 30 அடி முகப்பில் பரப்பினால் ஒன்றேகால் அடி. பெயிண்ட் கோடு கேட்பதும் அதே ஒன்றேகால் அடி என்றால் சிக்கல் சுவரில் இல்லை, பதிவேட்டில். அதற்கு வழி வேறு: 1923 நில அளவை, எல்லைகள் சட்டத்தின் 14-வது பிரிவில், எல்லை முடிவு அறிவிக்கையிலிருந்து 3 ஆண்டுக்குள் சிவில் வழக்கு.

பதிவேடு சரியாக இருந்தால், தாலுகா நகர நில அளவரிடம் அளக்கக் கட்டணம் கட்டி மனுப் போடுங்கள். சேலம், மேற்கு, தெற்கு என மூன்று தாலுகா உண்டு, எதில் வருகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பொறியாளருக்கும் இரு பக்கத்து வீட்டாருக்கும் எழுத்தில் தகவல் போகட்டும். லேஅவுட் மனை என்றால் அங்கீகரித்த வரைபடத்தில் ரோட்டு அகலம் 23 அடியா 30 அடியா என்பதையும் கையில் வைத்திருங்கள்.

தனியார் சர்வேயர் ஸ்கெட்ச் சரிபார்க்க உதவும், எல்லையைத் தீர்மானிக்காது. "பேசி முடிச்சுத் தர்றேன்" என்று வரும் புரோக்கருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். அவரால் பதிவேட்டில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது.

அரசுப் புறம்போக்கு என்று சொன்னால் 1905 ஆக்கிரமிப்புச் சட்டம் 7-வது பிரிவு நோட்டீஸ் வர வேண்டும். வாய்ச்சொல் நோட்டீஸ் ஆகாது. பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அளந்த ஸ்கெட்ச் நகலைத் தராமல் இழுத்தடித்தால் தகவல் உரிமை மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள், 30 நாள் கெடு. ஜேசிபி வாசலுக்கே வந்துவிட்டால் அதற்காகக் காத்திருக்காமல் வக்கீலிடம் ஓடுங்கள். அரசையும் எதிர்தரப்பாகச் சேர்க்கும் வழக்குக்கு 2 மாத முன் நோட்டீஸ் வேண்டும்; அவசரம் என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 80(2)-ல் அனுமதி கேட்டு உடனே தாக்கல் செய்யலாம்.