விலையில்லா விறகோடு எட்டு வருடம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, தாம்பரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் மட்டும் ஏழு மரங்கள் சாய்ந்தன. கரண்ட் வர ஐந்து நாள் ஆனது. அம்மா பரணில் கிடந்த செம்பு பாய்லரை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, சேர்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சியைப் போட்டு வெந்நீர் வைத்தார். கரண்ட் வந்த பிறகும் அந்த பாய்லர் பரணுக்குத் திரும்பவில்லை.

எங்கள் தேவை சிறியதுதான். நான்கு பேர் குளிக்க வெந்நீர், பொங்கலன்று வாசலில் பானை, வருஷத்துக்கு நான்கைந்து தடவை கொல்லையில் அண்டா வைத்துச் சமையல். இத்தனைக்கும் விறகுத்தொட்டிக்குப் போய் ஒரு தடவைகூடக் காசு கொடுத்ததில்லை. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருந்து, இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

விறகு கிடைப்பது நினைத்ததைவிடச் சுலபம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மின்கம்பியில் உரசும் கிளைகளை மின்வாரிய ஊழியர்கள் வெட்டிப் போடுவார்கள். முதல் தடவை தயங்கித் தயங்கி, "அண்ணே, இதை எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "எடுத்துக்குங்க சார், தெரு சுத்தமானா சரி" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். பக்கத்து வீடுகளில் மரம் கழிக்கும்போதும் அப்படித்தான். சாலையோரம், பூங்கா, ஏரிக்கரை ஆகிய இடங்களில் நிற்கும் மரத்தில் மட்டும் நாமாகக் கை வைக்கக் கூடாது. காய்ந்த கிளையானாலும் அனுமதி வேண்டும்.

அடுத்தது தச்சுப் பட்டறை. வேம்பு, தேக்கு, வாகை என்று கைக்கு அடக்கமான துண்டுகள் மூட்டையாகக் கிடைக்கும். ஏற்கெனவே காய்ந்த மரம் என்பதால் அன்றைக்கே எரிக்கலாம். ஆனால் மூட்டையைக் கொட்டிப் பிரித்துப் பாருங்கள். பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை, பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் எல்லாம் கலந்து வரும். அவற்றின் பசையும் சாயமும் எரிந்து வரும் புகை நல்லதில்லை. பழைய பெயின்ட்டில் ஈயமே இருக்கலாம். போகிக்கு முந்தின வாரம் தெருவுக்கு வரும் பழைய கதவுகளையும் இதே காரணத்துக்காக நான் தொடுவதில்லை. கடைகளுக்குச் சரக்கு வரும் பேக்கிங் கட்டைகளில் முத்திரையைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் HT என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்திய மரம், எடுத்துக்கொள்ளலாம். MB என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது, அப்படியே விட்டுவிடுங்கள்.

எந்த மரம் எப்படி எரியும் என்பதில் எனக்கு இப்போது தெளிவான கருத்து உண்டு. சவுக்குக்கு ஈடு இல்லை. கட்டட வேலை முடிந்த இடத்தில் சாரம் கட்டிய உடைந்த சவுக்குக் கம்பு கிடைத்தால் விடாதீர்கள். புளியங்கட்டை பிளக்கக் கஷ்டம், ஆனால் தணல் நின்று எரியும். வேம்பு நன்றாகக் காய்ந்தால் பரவாயில்லை, ஈரம் இருந்தால் கண்ணைக் கரிக்கும். மயில்கொன்றை பஞ்சு மாதிரி, பார்க்க நிறைய இருக்கும், அடுப்பில் நிற்காது. முருங்கையைத் தூக்கி வருவதே வீண். அரளியை எரிக்கவே கூடாது. அதன் புகையும் விஷம். சுள்ளியோடு சுள்ளியாக அது கலந்து வந்துவிடும் என்பதால் இலையைப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

இனி வைக்கும் விஷயம். என் பணமும் உழைப்பும் போனது இங்கேதான்.

வர்தாவில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளை வெட்டி வந்து, மழை படாமல் இருக்கட்டும் என்று வீட்டுச் சுவரை ஒட்டித் தரையிலேயே அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். அம்மா அன்றைக்கே சொன்னார்: "டேய், மண்ணுல வெக்காதடா, கரையான் ஏறும்." நான் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பிரித்தபோது உள்ளே புழுக்க வாடை, கட்டை முழுக்கப் பூஞ்சணம். அடி வரிசை உளுத்து மாவாகக் கொட்டியது. கரையான் அங்கிருந்து சுவரில் மண்கோடு இழுத்துப் பின்கதவு நிலை வரைக்கும் போயிருந்தது. விறகில் மிச்சம் பிடித்ததைப் போல எத்தனையோ மடங்கு அந்த நிலையை மாற்றுவதற்குச் செலவானது.

அடுத்த தப்பு தென்னை. வீட்டில் நிற்கும் மரத்திலிருந்து மாதத்துக்கு ஒரு மட்டையாவது விழும். மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் அடுப்பு பற்றவைக்கத் தங்கம். அந்த ஆசையில் எதிர் வீட்டில் வெட்டிய தென்னந்தண்டையும் துண்டு போட்டுக் கொண்டுவந்தேன். நார் நாராக இருந்ததால் கோடாரிக்குப் பிளக்கவில்லை; மழையில் நனைந்து மக்க ஆரம்பித்தது. ஒரு நாள் புரட்டிப் பார்த்தால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள். காண்டாமிருக வண்டின் புழு. மக்கிய தென்னைக் கட்டையில் அது முட்டையிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்குள் எங்கள் மரத்தின் குருத்தை வண்டு துளைத்து, விரிந்த ஓலைகள் கத்தரியால் வெட்டியது போல வந்தன. தென்னை வைத்திருப்பவர்கள் தண்டை வளாகத்துக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

இப்போது இருக்கும் ஏற்பாடு இது. மதில் ஓரமாக, வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, ஹாலோ பிளாக் மேல் பழைய இரும்புக் கட்டில் சட்டம். அதன் மேல் விறகு. மேலே சாய்வாகத் தகரம், பக்கங்கள் திறந்தே இருக்கும். காற்றுதான் விறகைக் காய வைக்கிறது, மேலே மறைத்தால் போதும். மதிலுக்கும் விறகுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதில் அடி வரிசை ஊறிப்போனது. அதற்கப்புறம் ஹாலோ பிளாக்கை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வரிசை வைத்து உயர்த்தினேன்.

அடுக்கு எப்போதும் இரண்டு. ஒன்று எரிக்க, ஒன்று காய. பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். அதை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே போய்விடும், நமக்கு மிஞ்சுவது புகை. அதனால் இந்த வருடம் வந்ததை அடுத்த வருடம்தான் தொடுகிறேன். வந்த உடனே பிளந்துவிட வேண்டும். முழுக்கட்டையாக விட்டால் உள் ஈரம் வெளியேறாது, பட்டைக்குள் வண்டு குடியேறும். எங்கள் பாய்லரில் தீ போடும் நடுக்குழாய்க்கு ஒரு சாண் நீளம், இரண்டு விரல் பருமன் சரியாக இருக்கிறது. சித்திரை வைகாசி வெயில் முழுசாகப் பட்டால் வேம்பு தயார். ஒரு துண்டை அடையாளம் வைத்து நிறுத்துப் பார்த்தேன். மார்ச்சில் 2 கிலோ இருந்தது ஜூலையில் 1.3 கிலோ. தராசு வேண்டாம் என்றால் இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், முனையில் வெடிப்பு ஓடியிருக்கும். பச்சை மொத்தென்று கேட்கும்.

தேளும் பூரானும் வரத்தான் செய்யும். இரண்டு வருடம் முன்னால் இருட்டில் விறகு எடுக்கப் போன அம்மாவுக்குத் தேள் கொட்டி, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இப்போது மறுநாள் காலைக்கானதை முந்தின நாள் வெளிச்சத்திலேயே எடுத்துக் கூடையில் வைத்துவிடுகிறோம். கையுறை இல்லாமல் யாரும் அடுக்கைத் தொடுவதில்லை. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இடம் குறைவு என்றால் இதை ஆரம்பிக்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புகை பற்றியும் சொல்ல வேண்டும். பாய்லர் திறந்த வெளியில்தான் இருக்கிறது. மூடிய குளியலறையில் கரியோ விறகோ எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரே போகலாம். அக்கம்பக்கத்துக்கும் இடைஞ்சல் இருக்கக் கூடாது. மாடி வீட்டு அக்கா ஒரு நாள், "துணியெல்லாம் புகை வாடை அடிக்குதுப்பா" என்று வருத்தப்பட்டார். அன்றிலிருந்து காலை ஆறரைக்குள் தீ அணைந்துவிடும். அவர் வீட்டில் பேரக்குழந்தைக்கு இளைப்பு வந்திருந்த வாரம் முழுக்க கேஸில்தான் வெந்நீர் போட்டோம்.

சாம்பலைச் சலித்துப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்கிறோம். செடிக்கு அதிகம் போடுவதில்லை. எங்கள் போர் தண்ணீரே உப்பு, சாம்பலும் சேர்ந்தால் மண்ணில் காரம் ஏறிவிடும்.

போன மாதம் பின்தெருவில் ஒரு பெரிய புங்கமரக் கிளை முறிந்து விழுந்தது. வீட்டுக்காரரே ஆள் அனுப்பி, "வந்து எடுத்துக்குங்க" என்றார். பிளந்து இரண்டாவது அடுக்கில் ஏற்றி, தகரத்தில் சாக்பீஸால் மாதமும் வருடமும் எழுதியாயிற்று. அடுத்த மார்கழிக்கு ஆகும்.