32 ஜிபி டேப்லெட்டும் 128 ஜிபி மெமரி கார்டும்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ7 லைட்டை 2021 கடைசியில் வாங்கினோம். 32 ஜிபி மாடல். அதில் சிஸ்டமும் கூடவே வரும் ஆப்களும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொள்ளும்; மிச்சத்தில்தான் நம் பிழைப்பு. ஆனால் 1 டிபி வரை மெமரி கார்டு போடலாம் என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் குறைந்த மாடலை எடுத்தோம். அன்றிலிருந்து 128 ஜிபி கார்டோடு ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு கார்டு செத்துப்போய், இப்போது உள்ளே இருப்பது இரண்டாவது.

32-ம் 128-ம் சேர்ந்து 160 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்படி ஆகாது. 32 கடைசிவரை 32-தான். பக்கத்தில் இன்னொரு இடம் கிடைக்கிறது, அவ்வளவே. அது வீட்டுப் பரண் மாதிரி. எப்போதாவது எடுக்கிற பாத்திரங்களை ஏற்றி வைக்கலாம். தினம் புழங்குகிற டம்ளரைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் ஏறி இறங்கியே அலுத்துப்போகும். எதை அங்கே ஏற்றுவது என்று தெரிந்துகொண்டால் கார்டு போட்ட காசுக்கு மேலேயே உழைக்கும்.

எங்கள் கார்டில் பெரும்பங்கு பாட்டு, படம், பிடிஎஃப். நல்ல தரத்தில், அதாவது 320 கேபிபிஎஸ்ஸில், ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சுமார் 12 எம்பி வரும். ஆயிரம் பாட்டுக்கு 12 ஜிபி. இதை உள் நினைவகத்தில் வைத்தால் மற்றதற்கு மூச்சு முட்டும், கார்டிலோ ஒரு மூலையில் கிடக்கும். ஒரு காலத்தில் மொபைல் கடை வாசலில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று எழுதிப் போட்டிருப்பார்கள். 2 ஜிபி கார்டைக் கொடுத்தால் இளையராஜா ஒரு ஃபோல்டர், ரஹ்மான் ஒரு ஃபோல்டர், பக்திப் பாடல் ஒரு ஃபோல்டர் என்று நிரப்பித் தருவார்கள். இணையத்தில் பாட்டு ஓடுகிற காலத்திலும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. பேருந்தில் சிக்னல் போகும்போதுதான் அதன் அருமை புரியும்.

அடுத்தது பிடிஎஃப். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருந்து இறக்குகிற பழைய நூல்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. புத்தகம் தடிமனாக இருந்தால் கோப்பும் பெரிதாகவே இருக்கும். பள்ளிப் பாடநூல்கள், மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் எல்லாம் சேர்ந்து இப்போது ஒரு சிறிய நூலகமே கார்டில் இருக்கிறது. திறப்பதில் எந்தச் சுணக்கமும் தெரியவில்லை. ஒரு பெரிய கோப்பை ஒரே ஓட்டமாகப் படிக்கிற வேலையைக் கார்டு நன்றாகவே செய்யும். அதைத் திணறவைப்பது சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பதுதான். ஒரு சினிமாவை நகலெடுப்பதற்கும், அதே அளவுக்கு வாட்ஸ்அப் படங்களை நகலெடுப்பதற்கும் ஆகிற நேரத்தை ஒருமுறை பார்த்தீர்களானால் தெரியும்.

ஆப்களைக் கார்டுக்கு மாற்றலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சில ஆப்களில் செட்டிங்ஸுக்குள் போனால் ஸ்டோரேஜை 'மாற்று' என்று ஒரு பொத்தான் வரும். ஆப்பை எழுதியவர் அனுமதித்திருந்தால்தான் அது தெரியும். மாற்றினாலும் முழுசாகப் போவதில்லை. ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். கார்டுக்குப் போன ஆப்பின் விட்ஜெட் முகப்பில் சரியாக வேலை செய்யாது. நான் இரண்டு விளையாட்டுகளை மாற்றிப் பார்த்தேன். திறக்கிற நேரம் கூடியதுதான் மிச்சம், திரும்பவும் உள்ளேயே கொண்டுவந்துவிட்டேன். வாட்ஸ்அப் போன்றவை தங்கள் படங்களையும் வீடியோக்களையும் உள் நினைவகத்தில்தான் கொட்டும். கார்டில் சேமி என்று சொல்ல அதில் வழியே கிடையாது. நாமே அவ்வப்போது எடுத்து நகர்த்த வேண்டியதுதான்.

யூடியூப்பிலும் கூகுள் மேப்ஸிலும் அப்படியில்லை. டவுன்லோடுகளையும் ஆஃப்லைன் வரைபடங்களையும் கார்டில் வைக்க அவற்றின் செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. கேமராவிலும் உண்டு. இங்கே ஒரு விஷயம் மட்டும் கவனம். ஓர் ஆப் கார்டில் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஃபோல்டர், அந்த ஆப்பை நீக்கினால் கூடவே அழிந்துவிடும். கார்டில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று நம்பி அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

இன்னொரு வழி, கார்டையே உள் நினைவகமாக மாற்றிக்கொள்வது. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் இந்த வசதியைக் கொண்டுவந்தார்கள். கார்டை போன் தத்து எடுத்துக்கொண்டு, என்க்ரிப்ட் செய்து, அதாவது தான் மட்டும் திறக்கிற மாதிரி பூட்டி, தன் உடம்பில் ஒரு பாகமாக்கிக்கொள்ளும். சாம்சங் கருவிகளில் இந்த வசதியை வைக்கவில்லை. வீட்டில் கிடந்த வேறொரு பழைய போனில் செய்து பார்த்தேன். முதலில் சந்தோஷம்தான், 'இடம் போதவில்லை' என்ற எச்சரிக்கையே இல்லை. சில மாதங்களில் போன் ஆமையாகிவிட்டது. ஒரு மெசேஜைத் திறந்தால் யோசித்து யோசித்துத் திறக்கும். கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டால் எதுவும் தெரியாது, ஏனென்றால் சாவி அந்த போனுக்குள் இருக்கிறது. போன் போனால் கார்டில் இருப்பதும் போச்சு. உங்கள் போனில் அந்தத் தேர்வு வந்தால், கார்டைத் தனி இடமாகவே விட்டுவைக்கும் 'கையடக்கச் சேமிப்பு' என்பதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கட்சி.

சுணக்கத்துக்குக் காரணம் கார்டின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்துகளிலேயே இருக்கிறது. வட்டத்துக்குள் 10 என்றாலும், யூ வடிவத்துக்குள் 1 என்றாலும் ஒரே பொருள்: தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 10 எம்பிக்குக் குறையாது. யூ3, வி30 என்றால் 30 எம்பி. கடையில் இதைத்தான் காட்டுவார்கள். ஆப் ஓட இது போதாது. நொடிக்கு எத்தனை சின்ன வேலைகளை முடிக்கிறது என்பதுதான் முக்கியம். அதைச் சொல்வது ஏ1, ஏ2 என்ற குறி. ஏ1 என்றால் நொடிக்கு 1500 சின்னப் படிப்பு, 500 சின்ன எழுத்து. ஏ2 என்றால் 4000-ம் 2000-ம். ஏ2-வின் முழுப் பலனும் கிடைக்க போனும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைக்காத கருவியில் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். பாட்டும் படமும் வைக்கிறவர்களுக்கு ஏ1, யூ3 கார்டு தாராளம். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் '150 எம்பி வேகம்', '200 எம்பி வேகம்' எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் தனி கார்டு ரீடரில் போட்டால் வருகிற படிக்கும் வேகம். போனுக்குள் கார்டோடு பேசும் யூஹெச்எஸ்-1 என்ற வழியின் உச்ச வரம்பே நொடிக்கு 104 எம்பிதான்.

128 ஜிபி வாங்கிவிட்டு, பல கருவிகளில் 119 என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று பதறவும் வேண்டாம். ஜிபி கணக்கில் தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கருவி 1024-ஆல் வகுக்கிறது.

பதற வேண்டிய இடம் வேறு. சித்தப்பா ஒருநாள் போன் செய்து, "டேய், 1 டிபி கார்டு வெறும் நானூறு ரூபாய்டா, ஆன்லைன்ல போட்டிருக்கான்" என்றார். "சித்தப்பா, ஒரிஜினல் ஆயிரக்கணக்குல விக்குது, இது ஆகாது" என்று சொல்வதற்குள் ஆர்டர் போட்டுவிட்டார். வந்த கார்டைப் போனில் போட்டால் அழகாக 1 டிபி என்றே காட்டியது. இந்த ரகக் கார்டுகளுக்குள் இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோதான். கட்டுப்படுத்தும் சிப்பை மட்டும் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். உண்மையான அளவு நிறையும் வரை ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு எழுதுவது பழையதன் மேல் விழும், அல்லது காணாமல் போகும். கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், தொட்டால் திறக்காது. கல்யாண போட்டோக்களை இப்படித் தொலைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க உறுதியான வழி கார்டை முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. நொடிக்கு 10 எம்பி வேகக் கார்டில் 100 ஜிபியை எழுதவே மூன்று மணி நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம். சித்தப்பாவின் கார்டு 32 ஜிபிக்கு மேல் குப்பையைத்தான் திருப்பிக் கொடுத்தது. திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் பார்த்ததால் பணம் வந்துவிட்டது. நம்பிக்கையான கடையில் வாங்கினாலும் புதுக் கார்டை இந்தச் சோதனைக்கு அனுப்பாமல் நான் உள்ளே விடுவதில்லை.

எங்கள் முதல் கார்டு செத்த விதம் வினோதமானது. அது போலி இல்லை, சோதனையில் தேறியதுதான். ஒருநாள் சில படங்களை அழித்தேன், அழிந்தது. டேப்லெட்டை அணைத்துப் போட்டால் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஃபார்மட் செய்தாலும் 'முடிந்தது' என்று சொல்லிவிட்டு, மறுபடி செருகினால் பழைய கோப்புகள் அப்படியே. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு செல்லையும் இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்று ஓர் ஆயுள் உண்டு. அது தீர்ந்தாலோ, உள்ளே கோளாறு கண்டாலோ, பல கார்டுகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் அனுமதிக்கும். ஒருவகையில் நல்ல சாவு, இருந்ததையெல்லாம் நகலெடுத்துக்கொள்ள முடிந்தது. எல்லாக் கார்டும் இப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. சில, இரவோடு இரவாக ஸ்லாட்டில் இருக்கிறதென்றே தெரியாமல் ஆகிவிடும். ஃபைல் அமைப்பு மட்டும் கெட்டிருந்தால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளில் படங்கள் ஓரளவு மீளும். சிப்பே போயிருந்தால் அதற்கும் வழியில்லை. வாரண்டியில் புதுக் கார்டு கிடைக்கும், பில் இருந்தால். உள்ளே இருந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. அதனால் இப்போது எங்கள் கார்டில் இருக்கும் குடும்பப் படங்கள் எல்லாம் வீட்டுக் கணினியிலும் இருக்கின்றன.

அப்புறம், பலர் யோசிக்காத ஒன்று. கையடக்கச் சேமிப்பாகப் போட்ட கார்டுக்குப் பூட்டு கிடையாது. போனுக்குக் கைரேகை, பின் எல்லாம் போட்டுவிட்டுக் கார்டோடு சர்வீஸ் கடையில் கொடுத்தால், அதை உருவி எந்தக் கணினியில் வேண்டுமானாலும் பார்க்கலாம். கொடுக்கும் முன் கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாம்சங்கில் கார்டை என்க்ரிப்ட் செய்யும் வசதி உண்டு. ஆனால் அதைப் போட்ட பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்தால் கார்டு திறக்காது. ஆதார் நகல், வங்கிக் காகிதங்களை எல்லாம் நான் கார்டில் வைப்பதே இல்லை.

இத்தனை வருடத்தில் கார்டு கைவிட்ட இடம் எது என்றால் அப்டேட். டேப்லெட் வாங்கும்போது ஆண்ட்ராய்டு 11. பிறகு 12, 13, 14 என்று வந்தன. ஆப்களும் ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே போகின்றன. இவை அத்தனைக்கும் உள்ளேதான் இடம் வேண்டும். கார்டில் 70 ஜிபி காலியாகக் கிடக்கும்போதே 'இடம் இல்லை, அப்டேட் செய்ய முடியாது' என்று வரும். ஆப்களை நீக்கி, ஆப்கள் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளை (கேஷ்) துடைத்து, வழிவிட்டு, அப்டேட் முடிந்ததும் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. இன்று வாங்குவதானால் உள்ளே 128 ஜிபி உள்ள மாடலையே எடுப்பேன், கார்டு ஸ்லாட்டும் இருந்தால் சந்தோஷம்.

ஸ்லாட் இருக்கிற போன்களே குறைந்து வருகின்றன என்பது வேறு விஷயம். சாம்சங்கின் எஸ் வரிசையில் 2021-ல் வந்த எஸ்21-லிருந்தே அது இல்லை. ஐபோனில் எப்போதுமே இருந்ததில்லை. இருக்கிற பல போன்களிலும் ட்ரேயில் ஒரே இடம்: இரண்டாவது சிம்மா, கார்டா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

அக்காவின் போனில் ஸ்லாட் கிடையாது. அவளுக்கு டைப்-சி கார்டு ரீடர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், சில நூறு ரூபாய்தான். கார்டை அதில் போட்டு சார்ஜிங் துளையில் செருகினால் பென் டிரைவ் மாதிரி ஃபைல்ஸ் ஆப்பில் தெரிகிறது. மாதத்துக்கு ஒருமுறை போட்டோக்களை நகர்த்திவிட்டுக் கார்டை எடுத்து வைத்துக்கொள்கிறாள். நகல் ஓடும்போது பிடுங்கக் கூடாது, முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த ரகச் சாதா ரீடர் செருகியிருக்கும்போது சார்ஜும் போட முடியாது. அதனால் நிறைய நகர்த்துவதாக இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கும்போதே உட்காருங்கள்.