டர்னரா, மெர்க்குரியா? பிரிட்டனின் புதுக் கலையைத் தேடும்போது எந்தப் பட்டியலைக் கையில் எடுப்பது

பிரிட்டனில் இப்போது யார் புதிதாக என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வருடா வருடம் இரண்டு பட்டியல்கள் வருகின்றன. ஒன்று, டேட் அருங்காட்சியகம் காட்சிக் கலைக்காக நடத்தும் டர்னர் பரிசின் இறுதிப் பட்டியல். அதில் பொதுவாக நான்கு கலைஞர்கள் இருப்பார்கள். இன்னொன்று, மெர்க்குரி பரிசுக்கான பட்டியல். அதில் பிரிட்டிஷ், ஐரிஷ் இசைக்கலைஞர்களின் பன்னிரண்டு ஆல்பங்கள். டர்னர் 1984-இல் தொடங்கியது, மெர்க்குரி 1992-இல். வெல்பவருக்கு இரண்டிலுமே 25,000 பவுண்டு. இரண்டையும் பல வருடமாக விடாமல் பார்த்து வருகிறேன். ஒன்றைத்தான் பின்தொடர முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் டர்னர். ஆனால் மெர்க்குரிக்கு உரியதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எளிதாகக் கைக்கு வருவது மெர்க்குரிதான். ஆல்பத்துக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும் மொத்தம் ஒன்பது மணி நேரம். வேலைக்குப் போய்வரும் பஸ்ஸிலேயே ஒரு வாரத்தில் கேட்டு முடித்துவிடலாம். எந்த ஊரில் இருந்தாலும் அதே பாட்டு, அதே ஒலி. 2025 பட்டியலைப் பாருங்கள்: முதல் ஆல்பத்தை 1965-இல் வெளியிட்ட, 84 வயது நாட்டுப்புறப் பாடகர் மார்ட்டின் கார்த்தி ஒரு பக்கம், 24 வயது பாப் பாடகி பிங்க்பாந்தரஸ் இன்னொரு பக்கம். நடுவில் ஜாஸ் பியானோ, ராப், கிதார் இசைக்குழுக்கள். இப்படி ஒரே தட்டில் இத்தனை பதார்த்தம் வேறு எந்த இசை விருதிலும் கிடைப்பதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. வென்றவரை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 1994 பட்டியலில் ப்ளர், பல்ப், ப்ராடிஜி என்ற மூன்று இசைக்குழுக்களும் இருந்தன. பரிசு போனது எம் பீப்பிள் குழுவுக்கு. அந்த வருடத்து பிரிட்டனைப் புரிந்துகொள்ள அந்த மூவரைத்தான் இன்றும் எல்லோரும் தேடிப் போகிறார்கள். 2005-இல் நம் மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தன் அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே தலைப்பாக வைத்த முதல் ஆல்பத்தோடு பட்டியலில் இருந்தார். பரிசு ஆன்டனி அண்ட் தி ஜான்சன்ஸ் குழுவுக்குப் போனது. அந்த ஆல்பத்தைக் குறை சொல்ல மாட்டேன், அழகான ஆல்பம்தான். ஆனால் லண்டன் எந்தத் திசையில் போகப்போகிறது என்பதை முன்கூட்டியே சொன்னது ‘அருளர்’.

சில வருடம் நடுவர்கள் சரியாகப் பிடித்துவிடுவார்கள். 1999-இல் தபலாவையும் மின்னிசையையும் கலந்த தல்வின் சிங். 2003-இல், 19 வயது நிரம்பும் முன்பே வென்ற டிசி ராஸ்கல். கிழக்கு லண்டன் குடியிருப்புகளில் பிறந்த கிரைம் (grime) என்ற ராப் வகை இசை அன்றைக்குத்தான் நாடு முழுக்கக் காதில் விழுந்தது. 2023-இல் எஸ்ரா கலெக்டிவ் என்ற ஜாஸ் குழு. ஒவ்வொரு வருடமும் ஜாஸுக்கு மரியாதைக்கு ஓர் இடம் கொடுத்து உட்கார வைப்பார்கள், பரிசு மட்டும் கிடையாது என்ற முப்பது வருடக் குறையை அவர்கள் உடைத்தார்கள்.

மெர்க்குரியில் எனக்கு நெருடுவது, ஆல்பத்தைப் போட்டிக்கு அனுப்பவே கட்டணம் இருப்பதுதான். கட்டணம் கட்டி அனுப்ப ஆள் இல்லாத இசை நடுவர் காதுக்கே போகாது. ஹெவி மெட்டல் கிட்டத்தட்ட வாசலோடு நின்றுவிடுகிறது. அப்புறம், முக்கியமாக, இந்தப் பன்னிரண்டில் பாதியாவது எப்படியும் ஒரு நாள் உங்கள் போனுக்கு வந்து சேரும் இசைதான். பட்டியல் அதைக் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

டர்னர் காட்டும் விஷயங்கள் தானாக நம்மிடம் வந்து சேராதவை. யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் உண்டு.

2015 வெற்றியாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் கிரான்பி என்று நான்கு தெருக்கள். 1981 கலவரத்துக்குப் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, பலகை அடித்து மூடப்பட்டு, இடிப்புக்குக் காத்திருந்தன. மிச்சமிருந்த குடும்பங்கள் விடவில்லை. தெருவைக் கூட்டினார்கள், தொட்டிகளில் செடி வைத்தார்கள், மூடிய ஜன்னல்களில் படம் வரைந்தார்கள், சந்தை போட்டார்கள். அவர்களோடு வந்து சேர்ந்தது அசெம்பிள் என்ற இளம் கட்டடக் கலைஞர் குழு. கேர்ன்ஸ் தெருவில் பத்து வீடுகளைச் சீர்செய்தபோது கணப்பு அடுப்புகள், ஓடுகள், கதவுப் பிடிகள் எல்லாம் ஏற்கெனவே பறிபோயிருந்தன. புதிதாக வாங்காமல், இடிபாட்டுச் செங்கலையும் கல்லையும் நொறுக்கி சிமென்டில் கலந்து கணப்புச் சட்டங்களை வார்த்தார்கள். வழுவழுப்பாகத் தேய்த்ததும் பழைய வீட்டின் சிவப்பும் சாம்பலும் பொட்டுப் பொட்டாக வெளியே தெரிந்தன. கதவுக் குமிழ்களைக் களிமண்ணில் செய்து, மரத்தூள் போட்ட பார்பெக்யூ அடுப்பில் புகையூட்டிச் சுட்டார்கள். அதனால் ஒரு குமிழில் இருக்கும் கருமை இன்னொன்றில் இருக்காது. பரிசுக் கண்காட்சியில் இவற்றையே கடை போல அடுக்கி விற்பனைக்கு வைத்தார்கள்.

இது கலையா, டிசைனா, வீடு கட்டுவதா என்று அன்றைக்குப் பெரிய சண்டை. எனக்கு அந்தக் கேள்வியே பெரிதாகப் படவில்லை. பிரிட்டிஷ் டிசைனைப் பற்றி நூறு பளபளப்பான நாற்காலிகள் சொல்லாததை அந்தக் கதவுக் குமிழ் சொல்கிறது. டிசைன் மியூசியமும் 2008-இல் தனியாக ஒரு வருடாந்திரப் பரிசைத் தொடங்கியது. 2010-இல் மடித்துத் தட்டையாக்கக்கூடிய மூன்று முனை பிளக்குக்கும், 2013-இல் பிரிட்டன் அரசின் இணையதளத்துக்கும் கொடுத்தது. இரண்டும் நல்ல தேர்வுகள். ஆனால் அது உலகம் முழுவதற்குமான பட்டியலாக இருந்தது, பிரிட்டனைத் தேடுபவருக்குப் பாதிதான் பயன்பட்டது.

2024 டர்னர் வெற்றியாளர் ஜஸ்லீன் கௌர், கிளாஸ்கோவில் வளர்ந்த சீக்கியப் பெண். அவர் காட்சிக்கு வைத்தது சிவப்பு ஃபோர்ட் எஸ்கார்ட் கார் ஒன்று. அதன் மேல் முழுவதும் ராட்சத அளவில் ஒரு வெள்ளைக் குரோஷா விரிப்பு. உள்ளிருந்து பாட்டு அதிரும். நம் வீடுகளில் டிவி மேலும் ரேடியோ மேலும் அம்மாவோ அத்தையோ பின்னிப் போட்ட விரிப்பு ஞாபகம் இருக்கிறதா? அதேதான். குடியேறி வந்த குடும்பம் அரும்பாடுபட்டு வாங்கிய பொருளை எவ்வளவு பெருமையோடு பொத்திப் பாதுகாத்தது என்பதை விளக்கவுரை இல்லாமலே அது சொல்லிவிடுகிறது.

2025-இல் வென்ற நேனா காலு, ஆட்டிசம் உள்ளவர், பேச்சு குறைவு. வீடியோ டேப், துணி, கயிறு எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிக் கட்டி, கூட்டுப்புழு போலக் கூரையிலிருந்து தொங்கவிடுகிறார். கற்றல் குறைபாடுள்ள ஒருவர் இந்தப் பரிசை வென்றது அதுதான் முதல் முறை. இவரை எந்தச் செயலியும் உங்களுக்குப் பரிந்துரைத்திருக்காது.

டர்னரிலும் குறை உண்டு. 2001-இல் மார்ட்டின் க்ரீட் காலி அறையில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை விளக்கு எரிந்து அணையும்படி வைத்து வென்றார். அதோடு தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டவர்கள் பலர், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நேரில் போகாமல் முழுதாகப் புரியாது என்பதும் உண்மை. கௌரின் காரைப் புகைப்படத்தில் பார்த்தால் பாட்டு கேட்காது.

ஆனால் ஊர் ஊராகப் போவதில் டர்னர் எவ்வளவோ முன்னால் இருக்கிறது. 2007-இல் லிவர்பூலுக்குப் போனது. பிறகு கேட்ஸ்ஹெட், டெர்ரி, கிளாஸ்கோ, ஹல், மார்கேட், கவென்ட்ரி, ஈஸ்ட்போர்ன், பிராட்ஃபோர்ட். மெர்க்குரி விழா லண்டனை விட்டு முதல்முறையாக வெளியே போனது 2025-இல்தான், நியூகாசிலுக்கு. வென்றவரும் பக்கத்து ஊரான நார்த் ஷீல்ட்ஸ்காரர் சாம் ஃபெண்டர். தன் ஊர் ஜனங்கள் நடுவிலேயே வாங்கினார். அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, முப்பது வருடம் தாமதம் என்றாலும்.

சரி, பிரிட்டனுக்கு வெளியே இருப்பவர் எப்படித் தொடங்குவது? மெர்க்குரியின் பன்னிரண்டையும் வென்றவர் யார் என்று பார்க்காமலே வரிசையாகக் கேளுங்கள். டர்னரில் வருடத்துக்கு ஒரே ஒரு கலைஞரைப் பிடித்து, அவர் வேலை செய்யும் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். காலுவின் கைகள் டேப்பைச் சுற்றும் வேகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பிரிட்டனில் இருப்பவர்கள் அந்த வருடம் டர்னர் எந்த ஊரில் என்று பார்த்து ரயில் ஏறிவிடுங்கள். 2026-க்கு அறிவித்திருக்கும் ஊர் மிடில்ஸ்பரோ.