பி.டி. பீரியட் போனுக்குள் வந்தால்: எது பிள்ளைகளை எழுப்பி நிற்க வைக்கிறது?

2020 ஊரடங்கின்போது பிரிட்டனில் ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர், வாரநாட்களில் காலை 9 மணிக்கு யூடியூப் நேரலையில் பிள்ளைகளுக்கு உடற்கல்வி வகுப்பு எடுத்தார். மார்ச் 23 அன்று தொடங்கியது. மறுநாளே ஒரே சமயத்தில் 9.5 லட்சம் பார்வைகளைத் தாண்டி கின்னஸில் ஏறியது. ஆக, ஆன்லைன் உடற்பயிற்சியில் பிள்ளைகளுக்கு ஆர்வமே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் யார் குதிக்கிறார்கள், யார் சோபாவில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது ஜோவுக்குத் தெரியாது.

அந்தக் குறை ஜூம் வகுப்பில் இல்லை. "முட்டியை மடக்காதே" என்று சார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூங்குமூஞ்சிகூட நிமிர்ந்து நிற்கும். சிக்கல், கேமராவை ஆன் செய்ய வைப்பதுதான். ஒற்றை அறை வீடு, பின்னால் நடமாடும் அம்மா, சக மாணவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் எல்லாம் சேர்ந்து, எட்டாம் வகுப்புக்கு மேல் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்களாகிவிடும். பத்துப் பேர் என்றால் சமாளிக்கலாம், நாற்பது பேர் என்றால் அது வெறும் அட்டெண்டன்ஸ்.

பதிவு வீடியோவைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டத்தில் குனிந்து புறப்படும் 'கிரவுச் ஸ்டார்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். 'செட்' சொன்னதும் இடுப்பு தோளைவிடச் சற்று உயர வேண்டும். நேரலையில் இது ஒரு நொடியில் போய்விடும். வீடியோவில் நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கலாம். அப்புறம் போனைத் தனக்குப் பக்கவாட்டில் ஒரு தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்து (முன்னால் வைத்தால் இடுப்பு உயரமே தெரியாது), தான் செய்வதைப் படமெடுத்து சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவர் வாய்ஸ் மெசேஜில் திருத்துவார். கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்த வழிதான் தோது.

தியரிக்கு எந்த வழியும் சரி. சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பு உடற்கல்வியில் 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 30 செய்முறை. 'ஸ்கோரிங் சப்ஜெக்ட்' என்று எடுப்பவர்கள் அந்த 70-ஐ வீட்டிலிருந்தே படித்துவிடலாம்.

கபடிக்கு மட்டும் மாற்று கிடையாது. ஆண்களுக்கான 13 மீட்டருக்கு 10 மீட்டர் ஆடுகளத்தை விடுங்கள். கைகோத்துச் சங்கிலி கட்டி மடக்க எதிரே ஆள் வேண்டாமா? அதற்கு மைதானம்தான். அந்த மைதான பீரியடையும் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்ளும் பள்ளி என்றால், பதிவு வீடியோவே எவ்வளவோ மேல்.