பழைய டிரக்கில் எல்எஸ் இன்ஜின்: ஜிஎம் ஆயில் சம்ப் தொகுப்பு எப்படி?

பழைய டிரக்கில் புதிய தலைமுறை இன்ஜினைப் பொருத்த முனைவோர் மவுண்ட், வயரிங், எரிபொருள் பம்ப் ஆகியவற்றுக்கே முதலில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் பற்றிய நினைப்பு, கிரேனில் தொங்கும் இன்ஜின் குறுக்குச் சட்டத்தின் மேல் உட்கார மறுக்கும்போதுதான் வருகிறது. 1973 முதல் 1987 வரையிலான தலைமுறையைச் சேர்ந்த செவ்ரோலே சி10 ஒன்றில், ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) எல்எஸ் குடும்பத்து வி8-களில் ஒன்றான 5.3 லிட்டர் எல்எம்7 இன்ஜினை ஏற்றும் வேலைக்காக, ஜிஎம்மின் உதிரிபாகப் பிரிவான செவ்ரோலே பெர்ஃபார்மன்ஸ் 19212593 என்ற பாக எண்ணில் விற்கும் ‘மசில் கார்’ ஆயில் சம்ப் தொகுப்பை வாங்கிப் பொருத்தினேன். வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் எல்லா டிரக்குக்கும் இது தேவைப்படாது.

இந்தச் சம்ப் 2008-இல் வந்த ஹம்மர் எச்3 ஆல்ஃபாவின் எல்எச்8 இன்ஜினுக்காக வார்க்கப்பட்டது. அந்த வண்டியின் முன்பகுதி நெருக்கமானது என்பதால், சம்பின் முன்பாகம் மெலிந்தும் பின்பாகம் ஆழ்ந்தும் அமைந்திருக்கிறது. பழைய சேசிஸ்களுக்கு அது தற்செயலாகப் பொருந்திப் போயிற்று. தொகுப்பில் சம்புடன், பம்புக்கு எண்ணெயை உறிஞ்சித் தரும் சக்‌ஷன் குழாய், சுழலும் கிராங்க்ஷாஃப்டுக்கும் எண்ணெய்க்கும் இடையே நிற்கும் விண்டேஜ் (windage) ட்ரே, எண்ணெய் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பி, அதற்கான குழாய், கேஸ்கெட் ஆகியவையும் சேர்ந்து வருகின்றன.

எல்எஸ் குடும்பத்தில் சம்ப் என்பது எண்ணெயைத் தாங்கும் வெறும் தகரத் தட்டு அன்று. அது வார்ப்பு அலுமினியம். கியர்பாக்ஸின் முன் கூடான பெல் ஹவுசிங் பிளாக்கோடு மட்டுமல்லாமல் சம்போடும் போல்ட் போட்டு இறுக்கப்படுகிறது. அதைவிட முக்கியமாக, பம்ப் அழுத்தித் தள்ளும் எண்ணெய் பிளாக்கின் பின்புறத்தில் இறங்கி, சம்பின் சுவருக்குள் உள்ள வழியாகச் சென்று, சம்பிலேயே திருகப்பட்டிருக்கும் ஃபில்டரைக் கடந்து மீண்டும் பிளாக்குக்கு ஏறுகிறது. ஆகவே சம்பின் மேல்தளம் கோணலாக இருந்தால் எண்ணெய் சொட்டுவதோடு நிற்காது, அழுத்தமும் குறையும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மலிவுத் தயாரிப்பைக் கையில் எடுத்து, மேல்தளத்தின் மீது நேர்க்கோல் வைத்துப் பார்த்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்த பிறகே இந்தத் தொகுப்புக்கு வந்தேன். இதன் தளம் சீராகக் கடையப்பட்டிருந்தது.

இனி, இது யாருக்குத் தேவை என்ற கேள்வி. டிரக்கிலிருந்து கழற்றிய 5.3 இன்ஜினுடன் அதன் சொந்தச் சம்ப் கூடவே வரும். ஆழம் 8 அங்குலத்துக்குச் சற்று மேல். உயரம் குறைக்கப்படாத, பின்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள சி10-இல் அந்தச் சம்பையே வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் பலர். குறுக்குச் சட்டத்துக்குக் கீழே அது தலைநீட்டினாலும், தரைக்கும் அதற்கும் போதிய இடைவெளி இருக்கிறது. சஸ்பென்ஷனை இறக்கிய வண்டியில்தான் கதை மாறுகிறது. தகரச் சம்ப் வேகத்தடையில் இடித்தால் நசுங்கும். வார்ப்பு அலுமினியம் விரிசல் விட்டு உள்ளிருக்கும் எண்ணெய் முழுவதையும் சாலையில் கொட்டிவிடும். வண்டியின் உயரத்தில் கைவைக்காதவர்கள் இந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. என் வண்டி இறக்கப்பட்டது.

சம்பை மட்டும் தனியாக, கழற்றிய பழைய உருப்படியாக, எங்கோ கண்டுபிடித்து வாங்கினால் மிச்சம்தானே என்று கேட்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. டிரக் சம்புக்கான சக்‌ஷன் குழாய் ஆழமான தரையை நோக்கி நீளமாக இறங்குவது. ஆழம் குறைந்த சம்பில் அது தரையில் முட்டும். விண்டேஜ் ட்ரேயும் சக்‌ஷன் குழாயின் வளைவை ஒட்டி வெட்டப்பட்டது, ஒன்றுக்கு மற்றொன்று சேராது. டிப்ஸ்டிக்கின் கோடுகளோ அந்தந்தச் சம்பின் எண்ணெய் மட்டத்தை வைத்துப் போடப்பட்டவை. பழைய டிப்ஸ்டிக்கை வைத்துக்கொண்டால், கம்பி ‘நிறைவு’ என்று காட்டும்போது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த நான்கும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்; தொகுப்பின் உண்மையான மதிப்பு சம்பில் அல்ல, இந்தச் சேர்க்கையில் இருக்கிறது. உதிரியாகச் சேர்ப்பவர்கள், சக்‌ஷன் குழாயின் வாயில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிச் சம்பை ஒருமுறை வைத்து எடுத்துப் பார்க்கட்டும்: நசுங்கிய களிமண்ணின் கனம் 6 முதல் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும்.

சக்‌ஷன் குழாய் பம்பில் நுழையும் இடத்தில் இருக்கும் ஓ-ரிங், கண்ணுக்குச் சிறியதானாலும் இந்த வேலையின் உயிர்நாடி. பம்புக்கும் குழாய்க்கும் ஏற்ப அதன் கனமும் நிறமும் மாறும். தவறான ரிங் போட்டாலும், சரியான ரிங்கே நுழையும்போது கிள்ளுப்பட்டாலும், பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். இன்ஜின் சூடானபின் அழுத்தம் இறங்குவதைப் பார்த்து பேரிங் தேய்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. குழாயை ஒரே ஒரு போல்ட்தான் பம்போடு பிணைக்கிறது என்பதால், போல்டைக் கொண்டு குழாயை உள்ளே இழுக்கக் கூடாது. ரிங்கில் எண்ணெய் தடவிக் கையாலேயே முழுவதும் அழுத்தி உட்கார வைத்து, பிறகு 12 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும்.

பொருத்தும் முறையில் தொகுப்பு எந்தத் தொல்லையும் தரவில்லை, பொறுமையை மட்டும் கேட்டது. முன் மூடியும் பின் மூடியும் பிளாக்கைச் சந்திக்கும் நான்கு மூலைகளில், 5 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சீலன்ட் கோடு போட வேண்டும். மற்ற இடங்களில் கேஸ்கெட்டே போதுமானது. சம்பின் பின்முகம் பிளாக்கின் பின்முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஜிஎம் அனுமதிக்கும் வேறுபாடு 0.25 மில்லிமீட்டர்தான். போல்ட்களைக் கையளவில் மாட்டி, பின்னால் நேர்க்கோலை அழுத்திப் பிடித்துச் சம்பைத் தட்டித் தட்டி நகர்த்திய பிறகே டார்க் ரெஞ்சை எடுத்தேன். சுற்றியுள்ள 8 மில்லிமீட்டர் போல்ட்களுக்கு 25 நியூட்டன் மீட்டர், பின் மூடிக்குள் போகும் நீண்ட 6 மில்லிமீட்டர் போல்ட்களுக்கு 12, பெல் ஹவுசிங்கைச் சம்போடு சேர்ப்பவற்றுக்கு 50. இந்தச் சமநிலையைக் கவனிக்காமல் கியர்பாக்ஸை இறுக்கினால், வார்ப்பின் காது உடையலாம்.

சம்ப் சரியாக இருந்தும் சட்டத்தில் முட்டினால், குற்றவாளி பெரும்பாலும் மவுண்ட் தகடுதான். எல்எஸ் இன்ஜினைப் பழைய மவுண்ட்களில் உட்கார வைக்கும் தகடுகள் இன்ஜினை முன்னோ பின்னோ தள்ளும் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. ஓர் அங்குல வித்தியாசத்தில் சம்ப் தப்பிப்பதும் இடிப்பதும் தீர்மானமாகிவிடும். ஆகவே மவுண்ட் தகட்டையும் சம்பையும் ஒன்றாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. இன்ஜின் இறங்கியபின் ஸ்டியரிங்கை இரு ஓரங்கள் வரை திருப்பி, தண்டு எங்கும் உரசவில்லை என்று கீழே படுத்துப் பார்த்துவிட வேண்டும். நான்கு சக்கர இயக்கமுள்ள டிரக்கில் முன் அச்சு மேலே எழும்போது ஏற்படும் இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அத்தகைய வண்டிக்கு இந்தத் தொகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எல்எஸ்ஸுக்கு முந்தைய தலைமுறை செவ்ரோலே வி8-ஆன பழைய 350-இன் சம்பை இதில் மாட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியவே முடியாது. அந்த இன்ஜினுக்குள்ளேயே 1975-இல் முன் சீல் தடித்தது, 1980-இல் டிப்ஸ்டிக் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது, 1986-இல் பின் சீல் ஒரே துண்டானது. அதன் சொந்தச் சம்பைத் தேடுவதே தனிப் புராணம்.

சிலிண்டர்களை அணைக்கும் ஏஎஃப்எம் வசதியுள்ள பிந்தைய இன்ஜின்களின் சம்பில் ஓர் அழுத்த வால்வு இருக்கும். அந்த வசதியை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், சம்பை மாற்றும் முன் இதை யோசிக்க வேண்டும். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கை 92 மில்லிமீட்டருக்கு மேல் கூட்டியவர்கள் கிராங்க்ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அது ட்ரேயில் தட்டவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஃபில்டர். அது திருகப்படும் புரி சம்பில் இருப்பதால், இன்ஜினின் ஆண்டைச் சொல்லி ஃபில்டர் வாங்கக் கூடாது. 2007-க்கு முற்பட்ட சம்ப்களில் அந்தப் புரி 13/16 அங்குலம். அதற்குப் பிறகு 22 மில்லிமீட்டர். பெரிய புரி ஃபில்டர் சிறிய புரியில் தளர்வாக ஏறி, இறுகியது போலவே தோன்றும், அழுத்தம் வந்ததும் கழன்றுகொள்ளும். சம்பில் உள்ள புரியை வெர்னியர் வைத்து அளந்துவிட்டே ஃபில்டரை வாங்குங்கள்.